புகழில் யாருக்கு எவ்வளவு பங்கு?

2011 அக்டோபர் 5ஆம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ் கலிபோர்னியாவில் காலமானார். ஆப்பிள் நிறுவனக் கடைகளின் வாயில்களில் மலர்க்கொத்துகளும் மெழுகுவத்திகளும் குவிந்தன. எடிசனுக்கு நிகரான கண்டுபிடிப்பாளர் என்று பலர் எழுதினர். அடுத்த வாரம், நியூ ஜெர்சியில் தனியே வாழ்ந்துவந்த டென்னிஸ் ரிட்சி தம் இல்லத்தில் இறந்துகிடந்தது தெரியவந்தது. கணினித் துறைக்கு அப்பால் அச்செய்தியைப் பொருட்படுத்தியோர் சிலரே.

இவ்விருவரையும் பிணைக்கும் இழை ஒன்று உண்டு. பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் 'சி' என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர் ரிட்சி. கென் தாம்சனுடன் இணைந்து யூனிக்ஸ் இயங்குதளத்தைப் படைத்தவரும் அவரே. மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் பயில்வோர் கற்கும் சி++, அம்மொழியின் வழித்தோன்றல். 1985இல் ஆப்பிளைவிட்டு வெளியேறிய ஜாப்ஸ், நெக்ஸ்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு உருவான இயங்குதளம் யூனிக்ஸ் மரபில் எழுந்தது. அவர் மீண்டும் ஆப்பிளுக்கு வந்தபோது அதுவும் உடன் வந்தது. 2007இல் வெளியான ஐபோனுக்குள்ளும் உருமாறி இயங்கியது. திரையின்மேல் விரலை நகர்த்தி வியந்தவர்கள், அதன் அடியில் ரிட்சியின் உழைப்பு இருப்பதை அறிந்திலர்.

அங்ஙனமாயின், ஜாப்ஸ் பெற்றது இரவல் புகழா? அவ்வாறு கூறுவதும் பிழையே. சுட்டியும் சாளரங்களும் அவருக்கு முன்பே ஆய்வகங்களில் இருந்தன என்பது உண்மை. எனினும், அவை எளிய மக்களின் மேசைக்கு வரத்தக்கவை என்பதை 1979இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் கண்டுகொண்ட கண் அவருடையது. 1997இல் நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஆப்பிளில் பெரும்பாலான பொருள்களைக் கைவிட்டு, மிகச் சிலவற்றில் மட்டும் கருத்தூன்றச் செய்தவரும் அவரே. வேண்டாதவற்றை விலக்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அதற்குரிய புகழை அவருக்குக் குறைவின்றி வழங்கலாம். கண்டுபிடிப்பாளர் என்னும் பெயரைப் பலரோடு பகிர்ந்தளிப்பதே முறை.

அவருடைய பண்பை மதிப்பிடுவது இதனினும் கடினம். பணியாளரைப் பிறர் முன்னிலையில் இழித்துரைத்தார். தம் முதல் மகளைத் தம் மகளல்லள் என்று மறுத்துப் பின்னரே ஏற்றுக்கொண்டார். அக்கடுமை இல்லையேல் அச்சாதனையும் இல்லை என்று வாதிடுவோர் உளர். 1976இல் அவருடன் ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக்கை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 1980இல் நிறுவனப் பங்குகள் பொதுச்சந்தைக்கு வந்தபோது, தொடக்கக்காலப் பணியாளர் சிலருக்குப் பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஜாப்ஸ் அதற்கு இசையவுமில்லை. வோஸ்னியாக் தம் பங்குகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் வடிவமைத்த ஆப்பிள் 2 கணினிதான், அதன் பின்னரும் பல்லாண்டு அந்நிறுவனத்தைத் தாங்கி நின்றது.