2038-ல் யந்திரங்களுக்கு நேரம் தவறும்!

2038-ம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி.

அந்த விநாடி கடந்ததும், பழைய கம்ப்யூட்டர்கள் பல, "இது 1901-ம் ஆண்டு" என்று காட்டத் தொடங்கும்!

அந்த நேரத்தில் செவ்வாப்பேட்டை ரெயில் நிலையத்தில் வேலைக்குப் போகிறவர்கள் காத்து நிற்பார்கள். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆலைகளில் காலை ஷிப்டு நடந்து கொண்டிருக்கும். கம்ப்யூட்டருக்குத் தேதி தவறினால் இவர்களுக்கு என்ன?

நேர முத்திரை

ஆலை வாசலில் வருகைப் பதிவு யந்திரம் இருக்கிறது. தொழிலாளி விரலை வைக்கிறார். உடனே, "இன்னார், இன்ன நேரம்" என்று பதிவாகிறது. தபால் ஆபீசில் கடிதத்தின்மேல் முத்திரை குத்துவது போலத்தான் இதுவும். ஓவர்டைம் கூலி அந்த முத்திரையைப் பொறுத்தது.

தகடு அழுத்தும் பிரஸ் யந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கைகளாலும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். ஒரு கை அச்சுக்கு அடியில் இருக்கும்போது யந்திரம் ஓடி, விரல் போய்விடக் கூடாது அல்லவா? நல்ல ஆலைகளில் இதற்கென்றே தனிச் சாதனம் வைத்திருப்பார்கள். அங்கும் அளக்கப்படுவது நேரந்தான்.

கம்ப்யூட்டரில் இந்த முத்திரையைக் குத்துவது ஆபரேட்டிங் சிஸ்டம். கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளையும் மேற்பார்க்கும் தலைமைக் கணக்குப்பிள்ளை அது என்று வைத்துக் கொள்ளலாம்.

இடம் போதவில்லை

பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஆண்டு, மாதம் என்று எண்ணுவதில்லை. 1970-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்றே எண்ணுகின்றன. அதை எழுத, பழைய கம்ப்யூட்டர்களில் 32 கட்டங்கள் ஒதுக்கினார்கள். அதில் ஒரு கட்டம், 1970-க்கு முன்னா பின்னா என்று காட்டும் குறிக்குப் போய்விட்டது. மீதி 31 கட்டங்களில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 விநாடிகள் வரைதான் எழுதலாம். 68 ஆண்டுக் கணக்கு. அது நிரம்பும் நாள்தான் 2038 ஜனவரி 19.

கட்டங்களைக் கூட்டினால் என்ன? புதிய கம்ப்யூட்டர்களில் 64 கட்டங்கள் வந்துவிட்டன. 29 ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குக் கவலை இல்லை! ஆனால் பழைய நிரல்கள், கணக்குப் புத்தகத்தில் கோடு போட்ட அகலத்தை நம்பி எழுதப்பட்டவை. ஒரு பத்தியை அகலமாக்கினால் அடுத்த பத்தியைத் தவறாகப் படித்துவிடும்.

லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில், பொத்தான் அழுத்தும் முத்திரைக்கு 2018-ல் ஒரு யுக்தி செய்தார்கள். 1970-க்கு முன் இந்த யந்திரத்தில் யார் பொத்தானை அழுத்தியிருக்க முடியும்? ஆகவே முன்னா பின்னா என்ற குறி வீண். அந்தக் கட்டத்தையும் எண்ணுக்கே கொடுத்தார்கள். அகலம் மாறவில்லை, ஆயுள் இரட்டிப்பாயிற்று. இனி 2106-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி வரை ஓடும். அன்று ஞாயிற்றுக்கிழமை. பல ஆலைகளுக்கு விடுமுறை!

இரண்டு முறை வந்த ஒரு மணி

இடம் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கடிகாரத்தைப் பார்த்து முத்திரை குத்துவது?

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரில் இந்தியாவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1945 அக்டோபர் 15-ந் தேதி பழையபடி பின்னால் திருப்பினார்கள். ஒரே மணி இரண்டு முறை வந்தது! திருப்புவதற்குச் சற்று முன் ஒரு குழந்தையும், திருப்பிய பின் அதன் தம்பியும் பிறந்திருந்தால், பதிவேட்டில் தம்பி அண்ணனாகிவிடுவான்.

கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் இப்படித் திருத்துகிறார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு பொத்தான்களை அழுத்தினால், இரண்டாவது முதலாவதாகத் தெரியும். இதைத் தவிர்க்க, முன்னால் மட்டுமே ஓடும் இன்னொரு கடிகாரம் கம்ப்யூட்டருக்குள் உண்டு. அதைக் கேட்டு முத்திரை வாங்கும் வசதி லினக்ஸில் 2012-ல் வந்தது. தேதி வேண்டுமா, முதல் கடிகாரம். எது முந்தி, எது பிந்தி என்று தெரிய வேண்டுமா, இரண்டாவது கடிகாரம்.

விமானங்கள் தவித்தன

எண்ணும் அளவைச் சிறிதாக வைத்தால் 32 கட்டங்கள் இன்னும் சீக்கிரம் நிரம்பும். ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்து எண்ணினால் 49 நாள் 17 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் வட்டாரத்து விமானங்களோடு பேசும் ரேடியோவை இப்படிப்பட்ட கணக்கு நடத்தி வந்தது. மாதம் ஒரு முறை கம்ப்யூட்டரை நிறுத்தி, மீண்டும் ஓட்ட வேண்டும். ஒரு முறை அதைச் செய்யவில்லை. 2004 செப்டம்பர் 14-ந் தேதி கணக்கு தீர்ந்தது. வானத்தில் விமானங்கள் பறக்க, கீழே ரேடியோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊமையாயிற்று!

ஆலைகளுக்கு என்ன வழி?

லினக்ஸின் மையப் பகுதி 2020-ல் 32 கட்டக் கம்ப்யூட்டர்களிலும் 64 கட்ட நேரத்துக்கு வழி செய்துவிட்டது. ஆனால் ஆலை யந்திரம் வீட்டு டெலிபோன் போல இரண்டு வருஷத்தில் மாறுவதில்லை. இருபது வருஷம் ஓடும். 2010-ல் வாங்கிய யந்திரம், அன்று வந்த நிரலோடே 2038-லும் ஓடிக் கொண்டிருக்கலாம். விற்றவர் அப்போது கடை நடத்துவாரா என்பதும் தெரியாது.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். விடுமுறை நாளில், சரக்கு ஏற்றாமல், ஆள் யாரும் அருகில் நிற்காமல், யந்திரத்தின் தேதியை 2038 ஜனவரி 19 காலை 8 மணி 40 நிமிடத்துக்குத் திருப்பி வைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். முன்னதாக, பதிவான கணக்குகளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளப் பட்டியலே 1901-க்குப் போய்விடும்!