கோரக்காய்டு வலி: முதலில் விரல், பிறகு படம்

ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் மட்டை உரிப்பவரின் தோளைச் சற்று உற்றுப் பாருங்கள். நிலத்தில் நட்ட இரும்புப் பாரையின் முனையில் காயை ஓங்கிக் குத்தி, உடம்பின் எடையைக் கைகளில் இறக்கி, மட்டையை முறுக்கிப் பெயர்க்கிறார். அந்த நொடியில் மேற்கை முன்னால் வந்து, மார்புக்குக் குறுக்கே நெருங்கி, உட்புறமாகச் சுழல்கிறது. கோரக்காய்டு முனைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவிலுள்ள இடம் குறுகுவது இந்த நிலையில்தான். 1980களில் ஜெர்பரும் குழுவினரும் நலமான தோள்களை சிடி எடுத்து அளந்தார்கள். கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது 8.7 மி.மீ. இருந்த இடைவெளி, கையை முன்தூக்கியபோது 6.8 மி.மீ. ஆகக் குறைந்தது. எனவே இப்படி உழைப்பவர் முன்தோளில் வலி என்று வந்தால், கோரக்காய்டு உரசல் என்ற பெயர் மருத்துவரின் பேனாவில் தானாக வந்து நிற்கிறது. அந்தப் பெயரை நாம் அவசரப்பட்டு எழுதுகிறோம் என்பதே என் வாதம். கோரக்காய்டில் தொட்டால் வலிப்பது ஓர் அறிகுறி. அது நோயின் பெயர் ஆகிவிடாது.

காரை எலும்பின் வெளிப்பக்க வளைவுக்குக் கீழே, ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி, காக்கை அலகுபோல் வளைந்த இந்த முனை விரலுக்குத் தட்டுப்படும். பெக்டொராலிஸ் மைனர், பைசெப்ஸின் குட்டைத் தலை, கோரக்கோபிரேக்கியாலிஸ் ஆகிய மூன்று தசைகளும், காரை எலும்புக்கும் அக்ரோமியனுக்கும் மேற்கை எலும்புக்கும் போகும் தசைநார்களும் இந்தச் சிறு முனையில் வந்து சேர்கின்றன. இதில் மேற்கைக்குப் போகும் கோரக்கோஹியூமரல் தசைநார்தான் உறைதோளில் தடித்துச் சுருங்கி, வெளிச்சுழற்சியை முதலில் பூட்டுகிறது. இத்தாலியில் கார்போன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பயன்படுத்திக்கொண்டது. கோரக்காய்டை அழுத்தும்போது வரும் வலி, ஏசி மூட்டிலும் அக்ரோமியனுக்கு முன்பக்கக் கீழேயும் அழுத்தும்போது வருவதைவிடப் பத்துக்கு மூன்று புள்ளியாவது கூடுதலாக இருந்தால் உறைதோள் என்று கொண்டார்கள். அதன் உணர்திறன் 96 சதவீதம். தனித்திறன் 87 முதல் 89 சதவீதம்.

இந்த எண்களை நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. சர்க்கரை உள்ளவருக்கு உறைதோள் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. "கை பின்னாடி போகமாட்டேங்குதுங்க, ரவிக்கை கொக்கி போட முடியலீங்க" என்று வரும் ஐம்பது வயதுப் பெண்ணின் கோரக்காய்டு வலித்தால், உரசலைவிட உறைதோளுக்கே வாய்ப்பு மிக அதிகம். பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி, நோயாளி தளர்ந்திருக்க, நீங்களே கையை வெளிப்புறம் சுழற்றுங்கள். சுழற்சி பாதியில் முட்டி நின்றால் உறைதோளை நினையுங்கள். அது முழுதாக வந்து, குறுக்கே கொண்டுபோய் உட்சுழற்றும்போது மட்டும் வலித்தால் உரசலை நினையுங்கள். அப்போது வயிற்றை அழுத்தச் சொல்லி சப்ஸ்கேபுலாரிஸின் வலுவையும் பாருங்கள். மூட்டுத் தேய்மானமும் பின்பக்க விலகலும் வெளிச்சுழற்சியைத் தடுக்கும் என்பதால் சாதாரண எக்ஸ்ரே ஒன்று கட்டாயம் வேண்டும்.

எம்ஆர்ஐ எடுத்தால் இதெல்லாம் தெரிந்துவிடுமே என்று கேட்பார்கள். கையை அசைக்காமல் படுக்கவைத்து எடுக்கும் படம், அசைவில் குறுகும் இடத்தைக் காட்டுவதில்லை. எம்ஆர்ஐயில் அளந்த இடைவெளி உரசலை முன்சொல்வதில் பலவீனமானது, இது முதன்மையாகக் கைப் பரிசோதனையால் முடிவு செய்ய வேண்டிய நோய் என்று கதிரியக்கவியலாளர்களே எழுதியிருக்கிறார்கள். தசைநாண் கிழிவைத் தேடும்போது எம்ஆர்ஐ மிகவும் உதவும்; ஆனால் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். இன்னொரு மறுப்பு நியாயமானது: நலமானவருக்கும் கோரக்காய்டை அழுத்தினால் வலிக்கும். அதனால்தான் மற்ற இரண்டு இடங்களோடும் எதிர்த் தோளோடும் ஒப்பிட வேண்டும் என்கிறோம். உறைதோளுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றும் என்ற தயக்கமும் உண்மையே. ஏற்றம் பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான். முன்கூட்டியே சொல்லி, அளந்து சமாளிக்கலாம். 503 உறைதோள் நோயாளிகளைக் கொண்டு 2020-இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வில், ஊசியோடு கூடிய முறையான பிசியோதெரபியைவிட மயக்க மருந்தில் மூட்டை இளக்குவதோ ஆர்த்ரோஸ்கோப்பி அறுவையோ குறிப்பிடத்தக்க அளவு மேலானதாக நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு உழைக்க முடியாத கூலிக்காரருக்கு இது பெரிய செய்தி.

அடிபட்டு வருபவரிடம் தவறு வேறு விதமாக நடக்கிறது. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவரின் நேர்ப்பார்வை எக்ஸ்ரேயில் கோரக்காய்டு மற்ற எலும்புகளின் மேல் படிந்து மறைந்துவிடும். ஏசி மூட்டு விலகியிருப்பதைப் பார்த்ததும் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. அடிப்பகுதியில் முறிந்த கோரக்காய்டு தப்பிவிடுகிறது. அக்குள் வழிப் படம் ஒன்று சேர்த்தால் பெரும்பாலும் பிடிபடும். பதின்வயதினரின் வளர்ச்சித் தட்டு, படத்தில் முறிவு போலவே தெரியும். எதிர்த் தோளையும் எடுத்துப் பாருங்கள். விலகாத முறிவுக்குத் தூளி போதும். அடிப்பகுதி முறிந்து, தோளை மேலே தாங்கும் அமைப்பும் குலைந்திருந்தால்தான் அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஓபி சீட்டில் 'தோள் வலி' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். இரண்டு தோள்களின் வெளிச்சுழற்சியையும் டிகிரியில் எழுதுங்கள், பக்கத்தில் சர்க்கரை அளவையும் எழுதுங்கள்.