ஆய்வுகூடத்தின் கதவு யாருக்குத் திறக்கும்?

பல்கலைக்கழகங்களும் வர்த்தக நிறுவனங்களும் ஒன்றுகூடி அறிவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு இன்று நாடெங்கும் ஒலிக்கின்றது. ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின்றன, குத்துவிளக்குகள் ஏற்றப்படுகின்றன, மாலை சூடியவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவருகின்றன. நல்லதே. ஆனால், கைச்சாத்திட்ட கடதாசி இலாச்சிக்குள் போன பின்னர் யாருடைய கேள்விக்கு யார் விடை தேடுகின்றார்கள்? வடக்கிலும் கிழக்கிலும் வாழும் கமக்காரர் இவ்வாறு கேட்பாரானால், அதற்கு மறுமொழி சொல்லும் கடமை நம்மிடையே கற்றவர்களுக்கு உண்டு.

இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் தேசம் அமெரிக்கா. 1862 ஆம் ஆண்டின் மொறில் சட்டத்தினால் மாநிலங்கள் காணி பெற்று, அக்காணியின் வருவாயைக் கொண்டு கமத்தொழிலும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை வளர்த்தன. அவற்றுள் ஒன்றான விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் கதையை நம்மவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

அம்மாநிலம் பசுக்களின் நாடு. அங்கே பாலை நிறுத்தே விலை கொடுத்துவந்தனர். தண்ணீர் கலந்தவனுக்கும் கலவாதவனுக்கும் ஒரே விலை, நேர்மையாளனுக்கே நட்டம். 1890 இல் பேராசிரியர் பாப்கொக் ஓர் எளிய சோதனையைக் கண்டார். பாலில் சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்துச் சுழற்றினால் கொழுப்பு மாத்திரம் மேலே திரண்டு போத்தலின் கழுத்தில் நிற்கும். அதை அளந்து விலை பேசலாம். இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். பாலுற்பத்தியாளரும் ஆலைக்காரரும் ஒருவரையொருவர் நம்பித் தொழில் செய்ய அந்தப் போத்தல் ஒன்றே வழி செய்தது.

1933 பெப்ரவரியில் நடந்தது இதனினும் விந்தையானது. பசுக்கள் இரத்தம் உறையாமல் மடிவதைக் கண்டு மனமுடைந்த கமக்காரர் ஒருவர், கடும் பனிப்புயலில் இறந்த கன்றுப்பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த பாத்திரத்தையும், பசுக்கள் தின்ற பழுதடைந்த குளோவர் வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அரசாங்க மிருக வைத்தியரின் காரியாலயம் பூட்டிக் கிடந்தது. அவர் கால் சென்றடைந்தது இரசாயனப் பேராசிரியர் லிங்கின் கதவடிக்கு. அந்த வைக்கோலை ஆராய்ந்து, சில ஆண்டுகளின் பின் இரத்தத்தை உறையவிடாத பொருளை லிங்கின் குழுவினர் பிரித்தெடுத்தனர். அதன் வழியிலேயே வார்பரின் என்னும் எலிப்பாஷாணமும், பின்னர் அதுவே இருதய நோயாளருக்கு மருந்தும் பிறந்தன. இன்று நமது வைத்தியசாலைகளில் அம்மருந்தை எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள், அதன் மூலம் ஓர் ஏழைக் கமக்காரரின் முறைப்பாடே என்பதை நினைப்பதுண்டோ? அறிவு மேலிருந்து கீழே மாத்திரம் பாய்வதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் உணவின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி விற்றமின் டி உண்டாக்கும் முறையைப் பேராசிரியர் ஸ்டீன்பொக் கண்டார். அதன் காப்புரிமையைப் பேணி வருமானத்தை ஆராய்ச்சிக்கே செலவிட 1925 இல் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. வார்பரின் என்னும் பெயரின் முற்பாதியும் அந்நிதியத்தின் பெயரெழுத்துக்களே. நோக்கம் உயர்ந்தது. ஆயினும், வெண்ணெய் உற்பத்தியாளரின் நலனைக் கருதி, ஏழைகளின் வெண்ணெயாகிய மாஜரீனுக்கு அம்முறையைப் பயன்படுத்தும் உரிமையை அந்நிதியம் மறுத்தது. நீதிமன்றத்தின் கண்டனத்துக்கும் ஆளாகியது. பணம் கொடுப்பவனின் கை ஆய்வுகூடத்துக்குள் எவ்வளவு தூரம் நீளலாம் என்பது இங்கே கேள்வியாகின்றது.

நமது தீவிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தேயிலைக்குச் செஸ் வரி விதித்து, அதைக்கொண்டு 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடக்கினர். 1929 இல் தென்னைக்கும் ஆராய்ச்சித் திட்டம் வந்தது. பெருந்தோட்டத் துரைமார் தமக்கு அறிவு வேண்டுமென்று கண்டதும் தாமே பணம் திரட்டினர். அந்த வரி தேயிலைச் செடியின் நோயைத் தீர்க்கவே; லயன் அறையில் வாழ்ந்த நமது மக்களின் நோயைத் தீர்க்கவன்று. அது வேறொரு துயரம். ஆனால் வழிமுறை கற்கத் தக்கது.

நமது நிலையோ விசித்திரமானது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயன ஆலையும் இயங்கத் தொடங்கிய காலத்தில் வடக்கில் பல்கலைக்கழகமே இல்லை. யாழ்ப்பாணத்தில் 1974 இல் வளாகமாகத் தோன்றிய கல்விக்கூடம் 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்குக்கு 1986 இல் அந்தப் பேறு கிட்டியது. போரோ ஆலைகளை மௌனமாக்கிற்று. இன்று கிளிநொச்சியில் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் உள்ளன. அருகே ஆலைகள்தாம் இல்லை. ஆகவே, பெரும் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்வதே கூட்டுறவு என்று மேல்நாட்டுப் பாடத்தை அப்படியே ஒப்புவித்தால், நமது பட்டதாரிகளைக் கொழும்புக்கும் கடல் கடந்தும் அனுப்பிவைக்கும் வழியாகவே அது முடியும்.

நம்மிடையே உள்ள தொழில் எது? சின்ன வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கும் தோட்டம், அரிசி ஆலை, பனங்கட்டி வார்க்கும் கொட்டில், மீன்வாடி. இவர்களுள் எவரும் தனித்து நின்று ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்குப் பணம் கட்ட முடியாது. சேர்ந்து நின்றால் முடியும். மலையாளத்துக்குப் புகையிலை விற்கச் சங்கம் கண்ட மக்கள், மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுப்பிய மக்கள், வெங்காய மூடைக்குச் சில ரூபாயை ஆராய்ச்சிக்கென ஒதுக்க இயலாதவர்களா? பணம் கட்டுகின்றவர்களுக்கே கேள்வி கேட்கும் அதிகாரமும் வரும்.

கேட்பதற்குக் கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. விதை வெங்காயத்தை அடுத்த நடுகை வரை அழுகாமல் காப்பது எப்படி? சுண்ணக்கற் பாறைக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீரை எவ்வளவு இறைத்தால் கிணறு உவர்க்கும்? நைத்திரேற்று மலிந்த கிணற்று நீரில் பயிருக்கு வேண்டிய உரத்தின் ஒரு பங்கு ஏற்கெனவே கரைந்திருக்க, நாம் ஏன் மேலும் மேலும் யூரியா கொட்டுகின்றோம்? கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் கமக்காரரின் காசும் மிஞ்சும், குடிநீரும் தப்பும். உரம் விற்கும் கம்பெனி மாத்திரமே அதை விரும்பாது. அதனாலேதான் அக்கம்பெனியின் பணத்தில் அக்கேள்வியை ஆராய விடலாகாது என்கின்றோம்.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவினால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், தனியார் மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரைச் சோதிக்கும் ஆய்வுகூடம் எண்ணெய்க்காரரின் நன்கொடையில் வாழுமாயின், அதன் அறிக்கையை ஊரவர் எப்படி நம்புவர்? யாருடைய பணமாயினும், முடிவை மறைக்கும் உரிமை கொடுத்தவருக்கு இல்லை என்பது ஒப்பந்தத்தின் முதல் வாசகமாதல் வேண்டும்.

கற்றோர் தமது அறிவை ஆங்கில ஏடுகளுக்குள் வைத்திருந்தால் நேரும் கதியையும் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைவு வீழும் என்று விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தனர், ஆட்சியாளர் செவிமடுக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. அப்பேராசிரியர்களின் பின்னால் கமக்காரர் சங்கங்கள் அணிதிரண்டு நின்றிருந்தால் அக்குரலை அவ்வளவு இலகுவாக ஒதுக்கியிருக்க இயலுமோ?

பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் வெங்காயப் போகத்துக்கு முன்னர், நான்கைந்து சங்கங்களின் தலைவர்கள் விதை வெங்காயம் பற்றிய ஒரு கேள்வியோடும் ஒரு போகத்துச் சந்தாவோடும் கிளிநொச்சிக்குச் செல்லட்டும். விவசாய பீடம் வாரத்தில் ஒரு நாள், முன்னறிவித்தல் இன்றி எவரும் நோய்ப்பட்ட செடியோடு வந்து நிற்கக்கூடிய ஓர் அறையைத் திறந்து வைக்கட்டும். கிடைத்த விடையை, நல்லதாயினும் பொல்லாததாயினும், தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுச் சுன்னாகச் சந்தையிலும் திருநெல்வேலிச் சந்தையிலும் ஒட்டட்டும்.