சேர்க்கைக்குப் பின் என்ன?

புது தில்லி: மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவது ஒரு போராட்டம் என்றால், அங்கு நிலைத்து நிற்பது மற்றொரு போராட்டம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2008-ல் உறுதி செய்ததோடு முதல் போராட்டத்தின் முக்கியக் கட்டம் முடிந்தது. இரண்டாவது போராட்டமோ பெரும்பாலும் விடுதி அறைகளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அதன் அளவை 2023 டிசம்பரில் மக்களவையில் அரசு அளித்த பதில் உணர்த்தியது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிக்கள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து தாழ்த்தப்பட்ட, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த 13,600-க்கும் அதிகமான மாணவர்கள் இடையில் விலகியிருந்தனர். இவர்களில் சுமார் 3,500 பேர் ஐஐடி மாணவர்கள். மாணவர்கள் தாமாகவே வேறு நிறுவனங்களையும் பாடப்பிரிவுகளையும் தேடிச் செல்கின்றனர் என்பது அரசின் விளக்கம். சிலருக்கு அது பொருந்தலாம். ஆனால், 2015-ல் ரூர்க்கி ஐஐடி, மதிப்பெண் குறைந்த எழுபதுக்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களை நீக்கிவிட்டுப் பின்னர் மறுவாய்ப்பு அளித்தது. அவர்கள் தாமாக விலகியவர்கள் அல்லர்.

பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு என்பதே இங்கு வழக்கமான தீர்வு. நோக்கம் நல்லதே. எனினும், அந்த வகுப்புக்குள் நுழையும் மாணவன் மீது "தகுதி குறைந்தவன்" என்ற முத்திரையும் விழுகிறது. அதற்கு அஞ்சியே பலர் உதவியை நாடுவதில்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் நகரிலுள்ள மிசௌரி பல்கலைக்கழகம் 1973-ல் இதை மாற்றி யோசித்தது. கடினமான மாணவர்கள் என்று யாரையும் பிரிக்காமல், அதிகம் பேர் தோல்வியுறும் கடினமான பாடங்களை அடையாளம் கண்டது. அப்பாடத்தில் ஏற்கெனவே சிறப்பாகத் தேறிய மூத்த மாணவர் ஒருவர் மீண்டும் அதே வகுப்பில் அமர்வார். வாரந்தோறும் குழுப் படிப்பை நடத்துவார். அவர் பாடம் நடத்துவதில்லை. மாணவர்களே விவாதித்துத் தெளிய வழிசெய்கிறார். எவரும் வரலாம் என்பதால் முத்திரைக்கு இடமில்லை.

பெர்க்லியில் பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் 1970-களில் கண்டதும் இதையே உறுதிப்படுத்துகிறது. கால்குலஸ் பாடத்தில் தடுமாறிய கறுப்பின மாணவர்களிடம் உழைப்பு குறையவில்லை. அவர்கள் தனித்தனியே படித்தனர். சிறந்து விளங்கிய சீன வம்சாவளி மாணவர்களோ கூடிப் படித்தனர். கடினமான கணக்குகளைக் கூட்டாகத் தீர்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டபோது கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

இங்கும் ஐஐடிக்களில் மூத்த மாணவர் வழிகாட்டும் ஏற்பாடுகள் உள்ளன. ஆனால் அவை அந்தந்த நிறுவனத்தின் ஆர்வத்தைப் பொருத்தவை. வழிநடத்தும் மாணவருக்குப் பயிற்சியும் ஊதியமும், பாட அட்டவணையில் நேரமும் ஒதுக்கப்பட்டால்தான் அவை நிலைக்கும். காலியான ஆசிரியர் பணியிடங்களுக்கு இதை மாற்றாக்கிவிடவும் கூடாது.

மாணவர் தற்கொலைகளைத் தடுக்கும் வழிகளை ஆராய, முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. மனநல ஆலோசகர் நியமனத்துடன் இந்த விவாதம் நின்றுவிடக் கூடாது. முதல் பருவத் தேர்வில் தோற்ற மாணவனுக்கு ஆறுதல் மட்டும் போதாது. அடுத்த தேர்வுக்கு உடன் அமர்ந்து படிக்கத் துணையும் வேண்டும். இடஒதுக்கீட்டின் வெற்றியை எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதைக் கொண்டல்ல, எத்தனை பேர் பட்டத்துடன் திரும்பினர் என்பதைக் கொண்டே அளவிட வேண்டும்.