போனது போகட்டும்னு விடலாமா?



தென்னிந்தியாவில் எடுத்த முதல் கதைப்படம் எது தெரியுமா? 'கீசக வதம்' என்ற ஊமைப்படம். வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார் 1917-18இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் எடுத்தார். மோட்டார் சாமான் வியாபாரம் செய்தவர், பூனா போய் ஒரு வெள்ளைக்காரரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து எடுத்தாராம்! நாம் கூத்தில் பார்க்கிற அதே கீசகன், திரௌபதி, பீமன் கதைதான்.

அந்தப் படத்தை இன்றைக்கு யாரும் பார்க்க முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

"போனா என்ன, வாரா வாரம் புதுப்படம் வருதே" என்றாள் என் தோழி. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் இதைக் கேளுங்கள்.

அந்தக் காலத்து ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். பழசானால் தானாகவே கெட்டும் போகும். அதில் கொஞ்சம் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படங்களை அந்த வெள்ளிக்காகவே அழித்தவர்களும் உண்டு. இதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. போன மாசம்தான், பழைய பட்டுப்புடவை வாங்க தெருவில் வந்தவரிடம் எங்க பாட்டியின் கல்யாணப் புடவையைக் கொடுத்தோம். தாத்தா தன் கையால் நெய்தது. ஜரிகை வெள்ளிக்காக அதை எரித்துவிடுவார்களாம். பார்டரில் என்ன டிசைன் இருந்தது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்றாங்க. பாட்டி மட்டும் ஒன்றுமே சொல்லலை.

விற்றது தப்புன்னு நான் சொல்லவில்லை. கஷ்டம் வந்தா விற்கத்தான் வேணும். ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம் இல்லையா?

நம்ம திருமாகறலீஸ்வரர் மேல் சம்பந்தர் பாடிய பதிகம் இத்தனை நூறு வருஷம் தாண்டி எப்படி வந்தது? ஓலை கெடக் கெட, யாரோ புது ஓலையில் பார்த்து எழுதி வைத்ததால்தானே!

நண்பர்களே, வீட்டில் பழைய பட்டுப்புடவை இருந்தால் விற்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுங்கள். நெய்தவர் பெயர், டிசைன் பெயர் கேட்டு நோட்டில் எழுதுங்கள். அதையே இன்னொரு நோட்டிலும் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். நான் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் தாத்தா பெயர் இருக்கிறது. டிசைன் என்ற இடம் காலியாக இருக்கிறது.

உங்கள் பக்கம் காலியாக இருக்க வேண்டாம்!

– 9ஆம் வகுப்பு மாணவி