“எங்கட லெப்பில ஒரு விபத்தும் நடந்ததில்லை”

புதுசாக ஒரு ப்ரொஜெக்ட் குழுவில் சேரப்போனால் சீனியர் அண்ணாமார் பெருமையாகச் சொல்லும் வசனம் இது. நாங்களும் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான். இப்போது அதைக் கேட்டால் பயம்தான் வருகிறது. விபத்து நடக்காதது பாதுகாப்புக்குச் சான்று இல்லை. பல நேரம் அது வெறும் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பொறியியலுக்குப் பேர்போன இடம். 1999 வரை அங்கே ஒவ்வொரு வருடமும் கால்பந்துப் போட்டியொன்றுக்கு முன்னர் மாணவர்களே மரக்குற்றிகளை அடுக்கி ஒரு பெரிய சொக்கப்பனை கட்டுவது வழக்கமாக இருந்தது. 1994இல் அது ஒருதடவை சரிந்தது. மழையில் நிலம் இளகிவிட்டது என்று சொல்லி, மறுபடி கட்டி எரித்தார்கள். 1999 நவம்பர் 18 அதிகாலை, சுமார் 5,000 குற்றிகளோடு 59 அடி உயரத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது அது முழுதாகச் சரிந்தது. 12 பேர் செத்தார்கள், 27 பேர் காயப்பட்டார்கள். விசாரணைக் குழு மரத்தை மட்டும் குற்றம் சொல்லவில்லை. எழுதிவைத்த வடிவமைப்பு இல்லை, பொறியியல் மேற்பார்வை இல்லை, ‘இப்படித்தான் காலங்காலமாகக் கட்டுறம்’ என்ற நினைப்பு ஆபத்தைப் பார்க்கவிடவில்லை என்றது.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். 2010 ஜனவரியில் வெடிக்கக்கூடிய ஒரு சேர்மத்தை அரைத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவர் மூன்று விரல்களை இழந்தார். 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று குழுவில் ஒரு வாய்வழி விதி இருந்தது. செய்யப்பட்டதோ சுமார் 10 கிராம். அதே குழுவில் அதற்கு முன் இரண்டு தடவை மயிரிழையில் தப்பியிருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை, அதனால் பாடமும் இல்லை.

தூரத்துக் கதை என்று தள்ளிவிட ஏலாது. எங்களில் ஒருவர் லேத் மெசினில் சக் சாவியைக் கழற்ற மறந்து சுவிச்சைப் போட்டார். சாவி பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. எல்லாரும் சிரித்தோம். “சேரிட்ட சொல்லாத, வேர்க்ஷொப்பை மூடிப்போடுவினம்” என்றார் ஒரு அண்ணா. நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு அடுத்த பட்ச்சும் அதே மெசினில்தான் வேலை பழகியது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்காததால் எங்கள் வேர்க்ஷொப்பும் ‘விபத்தே இல்லாத’ இடம்தான்.

அப்போ நல்ல குழுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுவரில் தொங்கும் போஸ்டரையும் ஹெல்மட் போட்டு எடுத்த குறூப் ஃபோட்டோவையும் பார்க்காதீர்கள். “கடைசியாக எப்போ மயிரிழையில் தப்பினீங்கள்? அதுக்குப் பிறகு என்ன மாத்தினீங்கள்?” என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் நல்ல குழு. “அப்படி ஒண்டும் இல்லை” என்றால் யோசியுங்கள். முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி “அண்ணா, நிப்பாட்டுங்கோ” என்றால் மெசின் நிற்குமா, அல்லது அவளுக்குப் பட்டப்பெயர் கிடைக்குமா? விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா, அல்லது படிப்பு முடிந்து போகும் அக்காவோடு அவையும் போய்விடுமா? நடுச்சாமத்தில் தனியாக மெசினில் நிற்கிறவனை அங்கே வீரன் என்கிறார்களா, வீட்டுக்கு அனுப்புகிறார்களா?

“இதையெல்லாம் பார்த்தால் ப்ரொஜெக்ட் முடியாது” என்பார்கள். முடியாவிட்டால் புள்ளி குறையும். புள்ளியை அடுத்த செமஸ்டரில் எடுக்கலாம், விரலை எடுக்க ஏலாது.

பீடங்களுக்கும் ஒன்று சொல்கிறோம். விபத்தில்லாத குழு என்று விருது கொடுக்காதீர்கள். கொடுத்தால், விருதுக்காகவே மறைப்பார்கள். தன் பிழையை எல்லார் முன்னாலும் எழுந்து சொன்ன குழுவுக்குக் கொடுங்கள். அந்தச் சக் சாவிக் கதையை நாங்கள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறோம். உங்கள் கதையை நீங்கள் எப்போ சொல்லப்போகிறீர்கள்?