கயிறு மாறிய பின்



சென்ற மாதம் வாடகை ஒப்பந்தங்களைப் பற்றி நாம் எழுதியதைப் படித்துவிட்டு, "அடுத்த முறையாவது உயிருள்ள விஷயமாக ஏதேனும் எழுதக்கூடாதா?" என்று சங்கத்து அன்பர் ஒருவர் கேட்டார். அவர் விருப்பம் நிறைவேறும் வாய்ப்பு தானே வந்து சேர்ந்தது. நான்கு கால்களோடு வந்தது.

கட்கியில் வாழும் நம் நண்பர் ஒருவர் உண்டு. அவரை இங்கே அண்ணாச்சி என்றே குறிப்பிடுவோம். திருமண வீடுகளுக்குப் பந்தலும் விளக்கும் அமைப்பது அவர் தொழில். இந்நகரத்துத் திருமணங்களில் மாப்பிள்ளை குதிரையேறி வருவதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு முகூர்த்தத்திற்கும் குதிரையை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்து அலுத்துப்போன அண்ணாச்சி, "சொந்தமாக ஒன்று இருந்தால் அந்த வாடகை நம் கையிலேயே நிற்குமே" என்று கணக்குப் போட்டார். மழைக்காலத்தில் குதிரைப் பந்தயம் பம்பாயை விட்டுப் புனேக்கு வருவது நெடுநாளைய வழக்கமன்றோ? அந்தப் பருவத்தில், ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைகள் சில நகருக்கு வெளியே ஏலத்திற்கு வருவதாக அவர் கேள்விப்பட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென மதினி கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். துணைக்கு நம்மையும் அழைத்தார்.

ஏலமென்றால் நமக்குப் பழக்கமுண்டு என்பது அவர் எண்ணம். உரியவர் வராத பார்சல்களையும், பயணிகள் மறந்துவிட்டுப்போன குடைகளையும் இரயில்வே ஏலம் விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். "உள்ளது உள்ளபடி" என்னும் சொற்றொடரின் பொருளையும் அறிவோம். குடைக்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

சந்தையில் வாங்குவது வேறு, ஏலத்தில் வாங்குவது வேறு. நம் நாட்டில் அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். இங்கே மராட்டியத்தில், தப்தி நதிக்கரையிலுள்ள சாரங்கேடாவில் தத்த ஜயந்தியை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை பெயர்பெற்றது. சந்தையென்றால் நாள்கணக்கில் சுற்றிப் பார்க்கலாம். நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்க்கலாம். வேண்டாமென்று தேநீர் குடிக்கப் போய்விட்டு மறுபடி வரலாம். மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது, பக்கத்தில் நிற்பவனுக்கும் தொகை தெரியாது. ஆகவே வீம்புக்கு வழியில்லை. ஏலத்திலோ அனைத்தும் வெளிப்படை. குதிரையின் இடுப்பில் எண் ஒட்டியிருக்கும். வட்டத்தில் ஒரு சுற்று வரும். நாம் கையுயர்த்தினால் எதிரில் நிற்பவன் கையுயர்த்துவான். இரண்டு நிமிடங்களுக்குள் நமக்குக் குதிரை மறந்துபோய் எதிரில் நிற்பவன் முகம் மட்டுமே தெரியத் தொடங்கிவிடும். அண்ணாச்சிக்கு நேர்ந்தது அதுவே.

அங்கே தந்த தாளில் குதிரையின் வம்சம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தந்தை யார், தாய் யார், எத்தனை பந்தயம், எத்தனை வெற்றி, எல்லாம் இருந்தன. வயது ஏழு. பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்தாலும் இந்நாட்டில் ஜனவரி 1 அன்று அதற்கு ஒரு வயது கூடுகிறது. பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் எழுதிய ஜூன் மாதத் தேதியையே பிறந்தநாளாகக் கொண்ட நம் தந்தையரை எண்ணிச் சிரித்துக்கொண்டோம். ஐந்து வயதுக்குள் நிலைப்பற்கள் யாவும் முளைத்துவிடும். ஆதலால் அதன்பின் பல்லைப் பார்த்து வயது சொல்லப் பழகிய கண் வேண்டும். அண்ணாச்சியும் பல்லைப் பார்த்தார், வாயைத் திறந்தார் என்ற அளவில். காலைத் தடவிச் சூடிருக்கிறதா என்று பார்க்கவில்லை. கெட்டித் தரையில் ஓடவிட்டு, தலை ஏறி இறங்குகிறதா என்று கவனிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளிடம் ஒரு கேள்வியை அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. "நேற்று இரவு இது என்ன தின்றது?" என்பதே அக்கேள்வி. அத்தாளிலும் அதற்கு விடையில்லை.

சுத்தியல் விழுந்தது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சுத்தியல் விழும்வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விழுந்தபின் விற்பனை முடிந்தது. இது ஆங்கிலேயர் கொணர்ந்த முறை என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் வரலாற்றில் நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்த கதையை நாம் அறிவோம். குதிரை வணிகராக வந்த பெருமான், குதிரைகளைப் பாண்டியனிடம் ஒப்படைக்கும்போது கயிறு மாற்றிக் கொடுக்கிறார். கயிறு மாறிய பின் விற்றவருக்குப் பொறுப்பில்லை என்பது அக்கால வழக்கு. அன்றிரவே அவை நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பாண்டியன் வணிகரைத் தேடவில்லை, அமைச்சரைத்தான் பிடித்தான். அண்ணாச்சி வீட்டில் அந்த அமைச்சர் பதவி நமக்குக் கிடைத்தது.

"வாங்கும்போது நீங்களும் கூடத்தானே நின்றீர்கள், தம்பி?" என்றார் மதினி. வேறொன்றும் சொல்லவில்லை.

செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காயடித்த ஆண்குதிரை. பந்தயப் பெயர் நீளமான ஆங்கிலப் பெயர். மதினி அதை "ராசா" என்று அழைத்தார். கோபத்திலிருந்தவர்தாம் பெயரும் வைத்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறோம்.

மூன்றாம் வாரம் ஆயுத பூஜை வந்தது. மராட்டியரும் தசராவன்று குதிரைக்கு மாலையிட்டு வழிபடுபவர்களே. ஆகவே குதிரைக்குப் பொட்டிட்டு மாலை சூட்டினர். தெருப் பிள்ளைகள் திரண்டு வந்தனர். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்பது பழமொழியாயிற்றே. ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொள்ளு வைத்தார்கள். பொரி வைத்தார்கள். சுண்டல், பொங்கல் என்று அவரவர் அன்பைக் காட்டினார்கள். யாவும் உள்ளே போயின.

இரவு பத்து மணிக்கு ராசா முன்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. படுத்தது, புரண்டது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. உடம்பெல்லாம் வியர்வை. அண்ணாச்சி நமக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாது. 450 கிலோ எடையுள்ள அப்பிராணியின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் அளவே கொள்ளும். நாளெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகப் புல்மேயப் படைக்கப்பட்ட உடல் அது. ஒரே வேளையில் தானியத்தை நிரப்பினால் அது உள்ளே பொங்கிப் புளிக்கும். மேலே வர வழியில்லை, கீழே போகவும் குடல் மறுக்கும். இரைப்பை வெடித்தே குதிரைகள் இறப்பதுண்டு. இவையெல்லாம் மருத்துவர் பின்னர் விளக்கியவை. அவர் வந்து சேர்ந்தது இரவு ஒன்றரை மணிக்கு. அதுவரை தீனித் தொட்டியைக் காலிசெய்துவிட்டு, மெல்ல நடத்திக்கொண்டிருக்கும்படி தொலைபேசியில் சொல்லியிருந்தார். அண்ணாச்சி கயிற்றைப் பிடிக்க, நாம் கைவிளக்குப் பிடிக்க, அந்தத் தெருவில் எத்தனை முறை நடந்தோம் என்று கணக்கில்லை. மதினி வாசற்படியில் அமர்ந்திருந்தார். மருத்துவர் விலாவில் காதுக்குழல் வைத்துக் கேட்டார். குடலின் ஓசை வலப்புறம் சிறிது இருந்தது, இடப்புறம் இல்லை. மூக்கு வழியே நீண்ட குழாயை இரைப்பைக்குச் செலுத்தி, புளித்து நுரைத்ததை வெளியேற்றினார். ஊசி போட்டார். "விடியும்வரை பாருங்கள்; சாணம் போட்டால் பிழைத்தது" என்றார்.

ஐந்தேகால் மணிக்குச் சாணம் போட்டது. அதைக் கண்டு அழுத மனிதரை நாம் முதன்முறையாகப் பார்த்தோம்.

அண்ணாச்சியின் சொந்த ஊர் பழையகாயலுக்கு ஆறு கல் தொலைவு. அந்தக் காயல் துறைமுகத்தில், ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ கண்டதை அவருக்கு மறுநாள் சொன்னோம். ஓர்மஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். அவன் உடன்பிறந்த மன்னர் நால்வரும் அவ்வாறே வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதுகிறார் போலோ. குதிரையைப் பேணத் தெரியாமையே அதற்குக் காரணமென்கிறார். சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். லாடம் அடித்து மருத்துவமும் பார்ப்பவர் அங்கே இல்லை. குதிரை வணிகர்கள் அத்தகையவரை உடன் அழைத்து வராததோடு, வேறெவரும் வந்துவிடாதபடியும் தடுத்தார்களாம். குதிரைகள் பிழைத்திருந்தால் அடுத்த ஆண்டு வியாபாரம் என்னாவது? பாண்டிய நாட்டின் பொன்னெல்லாம் இவ்வழியாகவே போயிற்று. அண்ணாச்சி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நாங்கள் பொங்கல்தானே போட்டோம், இறைச்சி போடவில்லையே" என்றார்.

பந்தய லாயங்களில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த மராட்டியப் பெரியவர் ஒருவரை மருத்துவரே அனுப்பிவைத்தார். காகா என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் சயிஸ், முதல் நாள் வந்ததும் குதிரையைப் பார்க்கவில்லை. தீனிக் கோணியையும் தண்ணீர்த் தொட்டியையும் தரையையும் பார்த்தார். அவரிடம் நாம் கற்றது பல. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்தீனி. அதில் பெரும்பகுதி புல்லாகவே இருக்கவேண்டும். தானியம் சிறிது சிறிதாக, மூன்று வேளையாகப் பிரித்து. கொள்ளு தீயதன்று, ஊறவைத்தோ வேகவைத்தோ கையளவாகக் கொடுக்கவேண்டும். இங்குள்ளோர் அதை ஹுலகா என்பர். எந்தத் தீனியை மாற்றினாலும் ஒரு வாரம் பத்து நாள் கலந்து கலந்தே மாற்றவேண்டும். தண்ணீர் 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நாம் குதிரைமசால் என்று சொல்லும் பசுந்தழையை மராட்டியில் லசூண் காஸ் என்கிறார்கள். லசூண் என்றால் பூண்டு. ஆனால் அதில் பூண்டு ஏதுமில்லை. லூசர்ன் என்ற ஆங்கிலப் பெயர் இவர்கள் நாவில் பூண்டாயிற்று என்று கூறுவர். கடைக்குப் போகும் நம்மவர் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

குளம்பைக் காகா நாள்தோறும் இருமுறை குத்திச் சுத்தம் செய்கிறார். மழைக்காலத்துச் சேற்றில் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாறத் தொடங்கும். மனிதர் நகம் போல் குளம்பும் வளர்வதால், ஆறு வாரத்திற்கொரு முறை செதுக்கி லாடம் மாற்றவேண்டும். லாடம் அடிப்பவருக்குக் கொடுப்பதில் அண்ணாச்சி முதலில் பேரம் பேசினார். இப்போது தேநீரும் கொடுக்கிறார். வாங்கிய விலையைத் தீனிச் செலவும் மருத்துவச் செலவும் ஆறாம் மாதத்திலேயே எட்டிப் பிடித்துவிட்டன.

மாப்பிள்ளைக் குதிரைக் கணக்கு என்னாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். மார்கழி முடிந்ததும் ஒத்திகை ஒன்று பார்த்தார்கள். பாண்டு வாத்தியத்தின் முதல் முழக்கத்திற்கே ராசா இரு கால்களில் நின்றது. நல்லவேளையாக மேலே மாப்பிள்ளை இல்லை. கொடியசைந்தால் பறக்கவேண்டும் என்று சிறு பிராயமுதல் பழக்கப்பட்ட பிராணியை, பட்டாசு நடுவே அடிமேல் அடிவைத்து நடக்கச் சொல்வது அதன் குற்றமாகாது. அண்ணாச்சி அன்றே அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்.

விற்றுவிடும்படி பலர் சொன்னார்கள். ஓட்டமும் போய், ஊர்வலத்திற்கும் ஆகாத குதிரையை யார் வாங்குவார்? இக்கேள்விக்கு இந்நகரத்தில் ஒரு காலத்தில் ஒரு விடை இருந்தது. பூனாவாலா குடும்பத்தார் 1946-இல் தொடங்கிய குதிரைப் பண்ணையிலிருந்து, ஓய்வுபெற்ற குதிரைகளைப் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்திற்குக் கொடுத்துவந்தனர். சிறிதளவு நஞ்சைக் குதிரையின் உடலில் படிப்படியாக ஏற்றினால், அதன் இரத்தத்தில் முறிவுப் பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்தே பாம்புக்கடிக்கும் இசிவு நோய்க்கும் மருந்து செய்தனர். குதிரை நம்முடையது, மருந்தை நாமே செய்தால் என்ன என்று எண்ணிய சைரஸ் பூனாவாலா 1966-இல் நிறுவியதே இன்று உலகறிந்த சீரம் நிறுவனம். பாம்புக்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தவர் யாரேனும் இதைப் படிப்பீராயின், எங்கோ ஒரு குதிரைக்கு நீங்கள் கடன்பட்டவர்.

இச்செய்தியைக் கேட்ட அண்ணாச்சி, "விசாரித்துப் பார்க்கலாமா?" என்று தொடங்கினார். மதினி உள்ளிருந்து, "ராசா எங்கேயும் போகவேண்டாம்" என்றார். கல்லூரிக் கட்டணத்திற்காக அவர் கழற்றிக் கொடுத்த வளையல்கள் இன்னும் அடகுக் கடையிலேயே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இப்போது சவாரி கற்பிக்கும் இளைஞர் ஒருவர் காலையில் வந்து ராசாவுக்கு மெதுவாக நடக்கக் கற்பிக்கிறார். பாதித் தீனிச் செலவை அவர் ஏற்றுக்கொண்டுள்ளார். அவர் வேறொரு குதிரை வாங்க அடுத்த மாதம் ஏலத்திற்குப் போகிறாராம். காகாவையும் உடன் அழைத்துச் செல்கிறார். நம்மை அழைக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை லாடம் மாற்றும் நாள். கைவிளக்குப் பிடிக்க வேண்டிய தேவையில்லாவிட்டாலும் நாம் போவதாக இருக்கிறோம்.